கத்தரிக்காய்க்கு மூன்று மணி நேரம்

முந்தின இரவு எட்டு மணிக்குப் பிறகு நீவெஸ் எதையும் சாப்பிடவில்லை. காலையில் பால் விடாத காப்பி ஒரு மிடறு, அவ்வளவுதான். கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னும் பழமும் முட்டையும் குவிந்து கிடந்தன. காசு கட்டியாகிவிட்டதே என்று ஜனங்கள் தட்டில் கோபுரம் கட்டிக்கொண்டு போனார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அறுபத்தைந்து வயதில் முதல் தடவையாகக் கடலில் இறங்கப் போகிறவளுக்குப் பன் ஒரு கேடா?

சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. இதை இத்தாலியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை, தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவர்கள் ஜெர்மன்காரர்கள்தான். கையில் இறைச்சி ரொட்டியை வைத்துக்கொண்டே கடலுக்குள் ஓடுவார்கள், ஒன்றும் ஆகாமல் சிரித்துக்கொண்டே திரும்பியும் வருவார்கள். அது அவர்கள் வயிறு. நம் வயிறு அப்படிப்பட்டதில்லை.

அவள் புருஷன் எத்சியோவிடம் இந்த விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. அவர் கல்யாணமாகி நாற்பது வருஷமாக அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனதில்லை. ஒவ்வொரு கோடையிலும் மலைமேல் அவருடைய அக்கா வீடு. "கடலுக்குப் போலாமே" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பார். அவர் 'பார்க்கலாம்' என்றால் அந்தப் பேச்சைக் குழி தோண்டிப் புதைத்தாயிற்று என்று அர்த்தம். நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் தித்சியானா இந்தக் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்தாள். கப்பல் என்றால் கப்பல்தானே, யாரும் தண்ணீரில் இறங்கப் போவதில்லை என்று எத்சியோவும் பெட்டியைக் கட்டினார். ஐந்து நாளும் பெரிய துறைமுகங்கள், சிமென்ட்டும் கிரேனும். ஆறாவது நாள் தெற்கே கலாப்ரியாவில் சான் பியாஜோ என்றொரு சின்ன ஊர். அங்கே துறைமுகம் இல்லை, கடற்கரைதான். கப்பல் நடுக்கடலில் நிற்கும், சிறுபடகில் போய்த் திரும்ப வேண்டும். நாளைக்குச் சவோனா. பிறகு ரயில், பிறகு வீடு.

"நான் கடல்ல இறங்கப் போறேன்" என்று மூன்று நாளுக்கு முன்பு ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள்.

எத்சியோ கரண்டியைத் தட்டில் வைத்தார். "வெறும் வயித்தோடன்னா சரி" என்றார்.

ஆகவே வெறும் வயிறு.

படகுக்கு வரிசைச் சீட்டு கொடுத்திருந்தார்கள், அவர்களுடைய முறை வந்தபோது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. படகு கப்பலின் விலாவிலிருந்து விலகியதும் நீவெஸ் அண்ணாந்து பார்த்தாள். பத்து மாடி உயரம். ஐந்து ராத்திரி இதற்குள்ளேயா படுத்துத் தூங்கினோம் என்று அவளால் நம்ப முடியவில்லை. பிறகு குனிந்து பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அண்ணாந்து பார்க்கவேயில்லை.

முதலில் தண்ணீர் மையைக் கரைத்த மாதிரி நீலமாக இருந்தது. கரை நெருங்க நெருங்கப் பச்சையாயிற்று, அதுவும் கரைந்துபோய் நிறமே இல்லாமல் ஆயிற்று. ஐந்து ஆள் ஆழத்தில் மணல் தெரிந்தது. மணலில் ஒரு கறுப்பு நிழல் அவர்களோடு கூடவே ஓடிவந்தது. அது இந்தப் படகின் நிழல்தான் என்று புரிந்தபோது அவள் படகின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மேல்தான் போகிறோமா, இல்லை வெறும் காற்றில் தொங்கிக்கொண்டு போகிறோமா?

"எத்சியோ, கீழ பாரேன்."

"பாத்தா தலை சுத்தும்."

"நம்ம நிழல் அடியில ஓடுது பாரு."

"ஓடட்டும். நீ உள்ள தள்ளி உக்காரு."

எத்சியோ படகின் நட்ட நடுவில், தொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பு இல்லை, கறுப்புத் தோல் ஷூ. இஸ்திரி போட்ட கால்சட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வேஷம். நீவெஸ் பூப்போட்ட கவுனுக்கு உள்ளே நீச்சலுடையை விடிகாலையிலேயே போட்டுக்கொண்டுவிட்டாள். ஊரில், பியெல்லாச் சந்தையில் வாங்கியது, கருநீலம். கவுனுக்கு மேலே வார் தெரிகிறதா என்று அடிக்கடி தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவள் கடலைப் பார்த்ததே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பார்த்திருக்கிறாள், வேண்டுமளவு பார்த்திருக்கிறாள். ஒன்பது வயதில் கம்பளி ஆலைக்காரர்கள் தொழிலாளிகளின் பிள்ளைகளைக் கோடைக்குக் கடற்கரை விடுதிக்கு அனுப்பினார்கள். இருபத்தொரு நாள். போன முதல் நாளே விடுதி டாக்டர் அவள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, சீழ் இருக்கிறது, இந்தப் பெண் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எழுதி வைத்துவிட்டார். தினம் காலை பத்து மணிக்கு விசில் ஊதும், நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் கத்திக்கொண்டு கடலுக்குள் ஓடும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி விசில், எல்லாரும் வெளியே. நீவெஸ் காதில் பஞ்சோடு கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருப்பாள். கடல் பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. இருபத்தொரு நாளும் அது பதினைந்து அடி தூரத்திலேயே இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் கடல் எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். "பிரமாதமா இருந்துச்சு, தினம் குளிச்சேன்" என்று சொன்னாள். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது சூடாகிவிடும்.

சான் பியாஜோவில் வீடுகள் எல்லாம் பாறைமேல் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன, கடற்கரை கீழே இருந்தது. அங்கே குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர், கடலில் இறங்குகிறவர்களைக் காவல் காக்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். சவேரியோ என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், சிவப்பு பனியன், கழுத்தில் விசில். எத்சியோ அவரிடம் முதல் வரிசையில் இரண்டு நாற்காலி கேட்டார்.

"கடைசிப் படகு எத்தனை மணிக்கு, சிஞோர்?" என்றார் சவேரியோ.

"நாலு மணிக்கு."

"அப்ப நிறைய நேரம் இருக்கு. நிதானமா இருங்க."

எத்சியோ மேலே இருந்த கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். "நான் வந்தப்புறம் இறங்கு. நான் இங்க இல்லாதப்ப காலை வைக்காத." நீவெஸ் தலையை ஆட்டினாள். கவுனைக் கழற்றி மடித்து வைத்தாள். மணி ஒன்று தாண்டியிருந்தது. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் மணலில் ஏறுவதும் இறங்குவதும் தூங்குகிற பிள்ளையின் மூச்சு மாதிரி இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பெரியது, இத்தனை வருஷமாக, யார் வந்தாலும் வராவிட்டாலும் இங்கேயே இப்படி ஏறி இறங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

"வடக்கத்தியா?"

பக்கத்துக் குடைக்குக் கீழே இருந்து ஒரு குரல். அறுபது வயதுப் பெண், ஆரஞ்சு நிற நீச்சலுடை, விரித்த துணியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் காணும் சாப்பாடு. உள்ளூர்க்காரி, நுன்த்சியா என்று பெயர்.

"ஆமா, பியெல்லா" என்றாள் நீவெஸ்.

"பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. பால் மாதிரி வெளுத்துக் கிடக்கே உடம்பு. சோளக்களியத் தின்னு தின்னு அதே நிறத்துக்கு வந்துட்டீங்க எல்லாரும். சாப்பிட்டியாம்மா?"

"இல்ல, அப்புறமா..."

"அப்புறம் என்ன அப்புறம்? மூஞ்சி பசியில சுண்டிப் போயிருக்கு. இந்தா, என் கையால செஞ்சது."

பொரித்த கத்தரிக்காய். உள்ளே ரொட்டித் தூளும் ஆட்டுப்பால் சீஸும் பூண்டும் துளசியும் அடைத்தது. நுன்த்சியா அதைக் காகிதத்தில் வைத்து நீட்டவில்லை, நேரே நீவெஸின் வாய்க்கு எதிரில் நீட்டினாள். எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது. பதினேழு மணி நேரப் பட்டினி. ஒருத்தி தன் கையால் செய்ததை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்கிற பழக்கமும் நீவெஸுக்குக் கிடையாது. யோசித்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள். யோசிக்கவில்லை.

இரண்டாவது கடியில்தான் தலையில் இடி விழுந்தது. அப்படியே நின்றாள். துப்பவும் முடியாது, நுன்த்சியா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். விழுங்கினாள்.

"எப்பிடி இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் நீவெஸ். உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை.

எத்சியோ திரும்பி வந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அவள் உதட்டைப் பார்த்தார்.

"என்னத்தத் தின்ன?"

"கத்தரிக்காய்."

"எத்தனை?"

"ஒண்ணு. முழுசா ஒண்ணு."

எத்சியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணு பத்து. மூணு மணி நேரம். நாலு பத்து." சட்டைக் கையை இழுத்துக் கடிகாரத்தை மூடிவிட்டு, "நாலு மணிக்குப் படகு" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இருந்தது நிம்மதி. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நுன்த்சியா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவமே, நீ இறங்கப் போறேன்னு சொல்லக் கூடாதாம்மா? கடங்காரி, நானே கெடுத்தேனே." பிறகு எத்சியோ பக்கம் திரும்பினாள். "ஏங்க, அது சின்னக் கத்தரிக்காய். அதுக்கெதுக்கு மூணு மணி? ரெண்டு போதும்."

"பொரிச்சதா?" என்றார் சவேரியோ. விசில் கழுத்தில் ஆட வந்து நின்றுவிட்டார்.

"பொரிச்சதுதான்."

"உள்ள சீஸா?"

"ஆட்டு சீஸ், கொஞ்சூண்டு."

சவேரியோ உதட்டைப் பிதுக்கினார். "பழம்னா அரை மணி. வெறும் ரொட்டின்னா ஒண்ணரை. பொரிச்சு, சீஸ் வச்சு, ரொட்டித் தூளும் போட்டா மூணு மணிதான் சிஞோரா. நான் விதி பண்ணல. இருபத்தஞ்சு வருஷமா இங்க உக்காந்து பாக்குறேன்."

பின் வரிசைக் குடைகளிலிருந்தெல்லாம் தலைகள் எழும்பின. முட்டி வரைக்கும் நனைக்கலாம், அது கணக்கில் வராது என்றாள் ஒருத்தி. முட்டிதான் ஆபத்து, குளிர் அங்கிருந்துதான் வயிற்றுக்கு ஏறும் என்றார் ஒரு கிழவர். எலுமிச்சைச் சாறு குடித்தால் அரை மணி குறையும் என்றாள் இன்னொருத்தி. அவளை எல்லாரும் சேர்ந்து அடக்கினார்கள். பேசிப் பேசி இரண்டரை மணி நேரம் வரைக்கும் இறங்கி வந்தார்கள். எத்சியோ மட்டும் அசையவில்லை.

"மூணு" என்றார்.

"சிஞோர், உங்க மனசு கல்லா?" என்றாள் நுன்த்சியா.

"என் அண்ணன் அப்படித்தான் செத்தான்" என்றார் எத்சியோ.

அத்தோடு பேச்சு முடிந்தது. எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டு அவரவர் குடைக்குத் திரும்பினார்கள். நுன்த்சியா ஒரு துண்டை எடுத்து, கேட்காமலே, நீவெஸின் தோளில் போர்த்திவிட்டாள்.

அந்த அண்ணன் லீனோவின் கதை நீவெஸுக்கு மனப்பாடம். மாமியார் அவளிடம் கல்யாணமான முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது, ஜூலை மாசம். லீனோவுக்குப் பதிமூன்று வயது, எத்சியோவுக்கு ஒன்பது. மத்தியானம் வயிறு முட்டச் சோளக்களி தின்றுவிட்டு லீனோ செர்வோ ஆற்றில் இறங்கினான். நடு ஆற்றில் உடம்பு இழுத்துக்கொண்டது, போய்விட்டான். "ரெண்டு தட்டு தின்னான், நெய் விட்டு" என்று மாமியார் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ரொட்டிக் கடையில் சொல்வாள், கோயில் வாசலில் சொல்வாள், தெரியாதவர்களிடம்கூடச் சொல்வாள். சாகிற வாரத்திலும் நர்சைக் கூப்பிட்டுச் சொன்னாள். தித்சியானா குழந்தையாக இருந்தபோது குளியல் தொட்டிக்குக்கூட எத்சியோ கடிகாரத்தோடு வந்து வாசலில் உட்காருவார். இதையெல்லாம் எதிர்த்து நீவெஸ் ஒரு வார்த்தை பேசியதில்லை. செத்த பிள்ளையோடு யார் வாதாடுவது?

இரண்டு மணி ஆயிற்று. கடற்கரை முழுக்கச் சாப்பிட்டு முடித்திருந்தது. கடலில் இருந்த கடைசிப் பிள்ளையையும் அதன் தாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே இழுத்துவிட்டாள். குடைகளின் நிழலில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு செரிமானத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அன்றைக்கு ஜெர்மன்காரர்களும் யாரும் இல்லை.

அப்போதுதான் நீவெஸ் அதைக் கவனித்தாள். கடலில் ஒரு ஆள் இல்லை. இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறை வரைக்கும் ஒரு தலை, ஒரு கை, ஒரு பந்து கிடையாது. வெயில் மட்டும் மேலே கிடந்தது. தூரத்தில் பத்து மாடிக் கப்பல் சோப்புக் கட்டி அளவுக்கு நின்றது. உலகத்தை உண்டாக்கி முடித்து, மனுஷனை இன்னும் உண்டாக்காத அன்றைக்குக் கடல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

எழுந்தாள்.

"எங்க?" என்றார் எத்சியோ.

"கடலுக்கு."

"இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகல நீவெஸ்."

"தெரியும்."

"நீவெஸ்."

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு எத்சியோ. ஒம்பது வயசுல ஒருத்தர் இறங்காதன்னார், உக்காந்தேன். அப்புறம் உனக்காக உக்காந்தேன். இன்னைக்கும் உக்காந்து பாத்துட்டுப் போனேன்னா, அப்புறம் நான் உன்னை மன்னிக்க மாட்டேன். அது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல."

வாழ்க்கையில் அவள் அவரிடம் இவ்வளவு நீளமாக எதிர்த்துப் பேசியதில்லை. துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு நடந்தாள். மணல் சுட்டது. பின்னால் சவேரியோ விசிலை ஒரு தடவை ஊதினார், பிறகு என்ன நினைத்தாரோ நிறுத்திவிட்டார்.

முதலில் கணுக்கால். குளிர்ச்சி சுருக்கென்றது. உள்ளே தன் கால் விரல்களைப் பார்த்தாள், நகத்துக் கீறல் வரைக்கும் தெரிந்தது. அந்த விரல்களைச் சுற்றி மணல் நிறத்தில் சின்னச் சின்ன மீன்கள் ஊசி மாதிரி வந்து நின்று திரும்பின. முட்டி, தொடை, வயிறு. வயிற்றைத் தண்ணீர் தொட்டபோது மூச்சு அறுந்து மறுபடி வந்தது. ஒன்றும் இழுத்துக்கொள்ளவில்லை. அவள் இன்னும் இரண்டு எட்டு வைத்து, கால் மடக்கிக் கழுத்து வரைக்கும் உள்ளே போனாள்.

உடம்பு போய்விட்டது. வேறு எப்படிச் சொல்ல? முப்பத்தாறு வருஷம் கம்பளி ஆலையில் மேஜைமுன் நின்ற முட்டிகள், அந்தப் பாழாய்ப்போன இடுப்பு, எல்லாவற்றின் கனமும் யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி போய்விட்டது. அவளைத் தண்ணீர் தூக்கியது. அவள் ஒன்றும் செய்யவில்லை, அதுவே தூக்கியது. கண் தண்ணீர் மட்டத்துக்கு வந்தபோது முன்னால் கடல் மேட்டு நிலம் மாதிரி அவளைவிட உயரமாக ஏறிப் போயிற்று, ஏறிப் போய் வானத்தில் முடிந்தது. கரையில் உட்கார்ந்து இருபத்தொரு நாள் பார்த்தது இதையல்ல. அது வெறும் நீலக் கோடு. இது இத்தனை பெரிதாக இருந்துகொண்டு ஒரு கிழவியை இவ்வளவு மெதுவாகக் கையில் வைத்திருக்கிறது. "மாதாவே" என்றாள் வாய்க்குள்ளேயே. மாதாவிடம் ஒன்றும் கேட்காமல் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

பின்னால் தண்ணீர் சளசளவென்று கலங்கியது. திரும்பினாள்.

எத்சியோ வந்துகொண்டிருந்தார். ஷூவோடு, இஸ்திரி போட்ட கால்சட்டையோடு, சட்டையோடு. தொப்பிகூடத் தலையில் இருந்தது. தண்ணீரை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு, காட்டுக்குள் நடக்கிறவர் மாதிரி வந்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார், வலித்தது.

"மூச்சு வருதா?"

"வருது."

"வயிறு இழுக்குதா?"

"இல்ல எத்சியோ. ஒண்ணும் இல்ல. உன் ஷூ..."

"கெடக்கட்டும்."

அவர் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சியாக இல்லை. அவரை அந்தக் கோலத்தில் பார்க்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நீ எதுக்கு வந்த? கரையிலயே நின்னிருக்கலாமே."

"அன்னைக்குக் கரையிலதான் நின்னேன்" என்றார் எத்சியோ.

சின்ன அலை ஒன்று வந்து இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டுப் போனது. அவர் அவள் மணிக்கட்டை விடவில்லை, ஆனால் அவளைப் பார்க்கவும் இல்லை. அந்த மேட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லீனோ சாப்பிடல" என்றார்.

"என்னது?"

"அன்னைக்கு அவன் ஒண்ணும் சாப்பிடல நீவெஸ். அதுக்கு முந்தின நாளும் சாப்பிடல. ஆலையில வேலைநிறுத்தம், ஏழாவது வாரம். வீட்டுல ஒரே ஒரு துண்டு களி இருந்துச்சு, ஆறிப்போனது. நான் பசின்னு அழுதேன். அவன் பங்கையும் எனக்குக் குடுத்துட்டான். 'நான் அக்கரையில போயி பிளம் பறிச்சுத் தின்னுக்கிறேன்டா'ன்னான். நீந்தித்தான் போனான். பாதியில கை ஓய்ஞ்சுபோச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். என் வாயில இன்னும் களி இருந்துச்சு."

நீவெஸுக்கு இது தெரியாது. நாற்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறாள்.

"அப்ப உங்க அம்மா ஏன்..."

"வேற என்ன சொல்லுவா? பிள்ளை பட்டினியில செத்துச்சுன்னு சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? வயிறு நிறைய சாப்பிட்டான், அதான் போயிட்டான்னு சொன்னா. முதல்ல பாதிரியார்கிட்ட சொன்னா. அப்புறம் எல்லார்கிட்டயும். என்னையப் பாத்துத்தான் சொல்லுவா, நானும் ஆமாம்பேன். ரெண்டு தட்டு, நெய் விட்டு." அவர் ஈரக் கையால் முகத்தைத் துடைத்தார். "நம்ம வீட்டுல நெய்யே கெடையாது நீவெஸ். நான் கடிகாரத்தப் பாத்து மூணு மணி நேரம் எண்ணுனா, அவன் சாப்பிட்டான்னு ஆயிடும். அம்பத்தொம்பது வருஷமா எண்ணிட்டிருக்கேன்."

மாமியாரின் முகம் நீவெஸின் கண்முன் வந்தது. ரொட்டிக் கடை வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் நிற்கிறவர் கையைப் பிடித்து, தன் பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப இரண்டு தட்டு களி பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதைக் கேட்டு எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது நீவெஸுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நிற்கிற இந்த மனுஷரைப் பார்த்தாள். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவருக்குள் இவ்வளவு ஆழம் இருக்கிறது என்று தெரியாமலே இவருக்குச் சோறு வடித்துப் போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, இவர் குறட்டையைத் திட்டிக்கொண்டு காலம் போயிருக்கிறது. படகிலிருந்து குனிந்து பார்த்தபோது ஐந்து ஆள் ஆழத்தில் தெரிந்த மணல் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவள் அவருடைய இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டாள். "முட்டிய மடக்கு" என்றாள். "அது தூக்கும். பயப்படாத."

எத்சியோ மடக்கினார். தண்ணீர் அவர் மார்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, தாடைக்கு வந்தது. அவர் கண்கள் அகன்றன. தொப்பி கழன்று மெல்ல மிதந்து போயிற்று, இரண்டு பேரும் அதைப் பிடிக்கவில்லை.

கரையில் சத்தம் கேட்டது. குடைகளுக்குக் கீழிருந்து கூட்டம் மொத்தமும் எழுந்து தண்ணீர் ஓரத்துக்கு வந்திருந்தது. சவேரியோ முட்டி அளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார். நுன்த்சியா இரண்டு கையையும் வாயோரம் குவித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"சிஞோரா, உனக்கு ஒண்ணும் இல்லயே?"

நீவெஸ் இல்லை என்று கையை ஆட்டினாள்.

"அவரு? அவரு சாப்பிட்டாரா?"

நீவெஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். எத்சியோவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அவர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு இரண்டு தடவை அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்ன சொல்றாரு? சாப்பிட்டாரா, இல்லயா?" என்று மறுபடி கேட்டாள் நுன்த்சியா.

"இல்ல" என்றார் எத்சியோ. அது நீவெஸுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, அவள் கையை இறுக்கிக்கொண்டு, கடற்கரை முழுவதுக்கும் கேட்கும்படி கத்தினார்.

"சாப்பிடல. அவன் சாப்பிடல."

கரையில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. காற்றில் ஒரு சொல் முன்னே பின்னே கேட்பது சகஜம்தான். எல்லாரும் நிம்மதியாக ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

"அப்ப பயமில்ல" என்று நுன்த்சியா கத்தினாள். "படகுக்கு நேரம் இருக்கு. நல்லா குளிங்க. வெளிய வந்ததும் அவருக்கு நான் சாப்பாடு எடுத்து வைக்கிறேன்."